கரமனையில் கடைசி அடுப்பு

"அடுப்பு எப்படி அண்ணாச்சி?" முதல் தடவையாக அந்த வீட்டுப் படியேறிய செல்வமணி வாசலிலேயே கேட்டான்.

"பொன்னு மாதிரி இருக்கு சாரே. உள்ள வாங்க," என்றார் முறுக்கு வியாபாரி திரவியம்.

செல்வமணிக்கு உயிர் வந்தது. கூரை வெயிலை மின்சாரமாக்கி, அதில் ஹைட்ரஜன் எடுத்து, குழாய் வழியே கரமனையில் ஒரு தெருவுக்கு அடுப்பெரிக்கக் கொடுத்துப் பார்க்கும் சோதனை அவனுடையது. ஹைட்ரஜன் சுடர் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. எரிகிறதா இல்லையா என்று பயந்து மற்ற வீட்டார் எல்லாரும் அடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வீட்டிலாவது சரிப்பட்டால்தான் திட்டம் நாகர்கோவிலுக்குப் போகும். இல்லையென்றால் அவன் வேலை போகும்.

அடுக்களை பகலிலும் இருட்டாக இருந்தது. வாணலிக்கு அடியில், கனவில் பார்ப்பது போல, வெளிர்நீலச் சுடர் மிதந்தது. எண்ணெய் காய்வதற்குள் திரவியம் தட்டில் முறுக்குப் பிழிந்து வைத்துக்கொண்டிருந்தார்.

செல்வமணிக்குச் சட்டென்று விளங்கியது. "ஐடியா கொள்ளாம் அண்ணாச்சி, ரொம்ப நல்லாருக்கு. விளக்கை அணைச்சா சுடர் தெரியுது. நாகர்கோவில்லயும் இதையே சொல்லிடுதேன்."

திரவியத்தின் கை நின்றது.

"விளக்கு அணைஞ்சா கிடக்கு சாரே?"

செல்வமணி அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தான். அடுப்பின் பக்கம் திரும்பியிருந்தது கண்ணல்ல, காது.

"எனக்குப் பிறந்ததிலேருந்து பார்வை கிடையாது. சத்தம் கேட்டுத்தான் சமைக்கேன். இது பழைய அடுப்பைவிட நல்லாப் பாடுது."

செல்வமணி விளக்குச் சுவிட்சைப் போட்டான். சுடர் காணாமல் போனது. மெல்லிய ரீங்காரம் மட்டும் மிச்சமிருந்தது. இத்தனை மாதத்தில் அவன் அதைக் கேட்டதே இல்லை.

"இதை இன்னும் சத்தமாக்கினா மத்தவங்களுக்கும் கேக்குமா அண்ணாச்சி?"

"கேக்கும். முதல்ல டிவியை அணைக்கச் சொல்லுங்க."