மேலுறை மட்டும்

திரை உடைந்த மடிக்கணினி ஒன்று தானாக முன்வந்து இணையத்தில் ரகசியத் தபால் சுமந்தது. அனுப்பியவர் யாரென்று வழியில் எவருக்கும் தெரியாதபடி உறைக்குள் உறையாக வரும் கடிதத்தின் மேலுறையை மட்டும் கிழித்து, அடுத்த கணினிக்குத் தள்ளிவிடும். எழுதியவர் யார், யாருக்கு என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

ஒரு மின்வெட்டுக்குப் பிறகு கடிதமே வரவில்லை. ஐந்து நாள் தன்னையே குடைந்து பார்த்தது, கோளாறு இல்லை. ஆறாம் நாள் பக்கத்திலிருந்து இணையத்துக்கு வழிவிடும் ரவுட்டரிடம் கேட்டது: "அண்ணே, என் வாசல் திறந்திருக்கா?"

"கரண்ட் போய் வந்ததும் எல்லா வாசலையும் சாத்திட்டேனே!"

"என்னோடதை மட்டும் திறங்க."

ரவுட்டர் திறந்தும் கடிதம் உடனே வரவில்லை. காணாமல் போனவனை யாரும் சட்டென்று நம்புவதில்லை. மடிக்கணினி அணையாமல் காத்திருந்தது. ஒன்பதாம் நாள் ஒரு கடிதம் வந்தது.

"யாரோடது?" என்றது ரவுட்டர்.

"தெரியாது."

"தெரியாத ஆளுக்காகவா இத்தனை பாடு?"

"எனக்குத் தெரியாதுங்கிறதாலதானே என்கிட்ட கொடுக்கிறாங்க" என்றபடி மடிக்கணினி மேலுறையைக் கிழித்தது.