இசையில் இன்று

"ஏ சீனி, பலகை காலியாக் கிடக்கு? இன்னைக்கு உலகத்துல ஒரு பயலும் பாடலையா?"

ஏணியைத் தோளில் சுமந்தபடி கேட்டார் மொக்கையன். சீனியம்மாள் கையில் சாக்கட்டியோடு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அது எழுபத்தெட்டா எழுபத்தொன்பதா என்பது எனக்கு இப்போது நிச்சயமில்லை. லேசாகத் தூறியதாக ஒரு ஞாபகம். பிப்ரவரியில் வில்லாபுரத்தில் ஏது தூறல்? தேதி மட்டும் பதினேழு. அதில் சந்தேகம் இல்லை.

எங்கள் பஸ் ஸ்டாப்பை ஒட்டி அந்தத் தம்பதியின் மைக் செட் கடை. புருஷன் மரமேறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். மனைவி கடையையும் ரிக்கார்டுகளையும் பார்த்துக்கொள்வார். வாசலில் ஒரு கரும்பலகை. மேலே பெயிண்டில் 'இசையில் இன்று' என்று இருக்கும். கீழே தினமும் சாக்கட்டியில் ஒரு வரி.

'இதே நாளில், கல்கத்தாவில், நாற்பது வயதுத் தபால்காரர் ஒருவர் முதன்முறையாக ரிக்கார்டுக்குப் பாடினார்.'

'இதே நாளில், மூன்று தடவை வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணின் பாட்டு, பம்பாயில் வெளியானது.'

"இதெல்லாம் எப்படிக்கா தெரியும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ரிக்கார்டு உறையில போட்டிருக்கும்ல?"

உறையை எடுத்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. காலை பஸ் புறப்பட்டதும் ஈரத்துணியால் பலகையைத் துடைத்துவிடுவார். மே மாதம் முழுக்கப் பலகை காலி. "அந்த வெயில்ல எவன் பாடுவான்?" என்பார்.

அன்று பிலோமினாள் டீச்சர் குடையை மடக்கிக்கொண்டே ஸ்டாப்புக்கு வந்தார். மிஷன் பள்ளிக்கூட டீச்சர். எப்போதோ ரேடியோ குரல் தேர்வுக்குப் போய்த் தோற்றவர். அதன் பிறகு மாதா கோயில் பாடற்குழுவில் கடைசி வரிசையோடு சரி. பேச்சு குறைவு. பலகையை மட்டும் ஒரு நாள் விடாமல் படிப்பார். படித்துவிட்டு, பஸ் வரும்வரை வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பார்.

அன்று சாயங்காலம் ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் மெல்லிசைக் கச்சேரி. வழக்கமாகப் பாடும் பெண்ணுக்குத் தொண்டை கட்டிவிட்டது. குழு நடத்தும் இன்பசேகரன், சீனியம்மாள் சொன்னதைக் கேட்டு டீச்சரிடம் வந்து கேட்டிருந்தார். டீச்சர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"என்ன டீச்சர், முடிவு பண்ணிட்டீகளா? மத்தியானத்துக்குள்ள சொல்லலைன்னா இன்பசேகரன் கோச்சடையிலருந்து வேற பிள்ளையக் கூட்டியாந்துருவாரு," என்றார் சீனியம்மாள்.

"கூட்டிட்டு வரட்டும்க்கா. எனக்கு மைக்கைப் பாத்தாலே நாக்கு ஒட்டிக்கிது. அந்த ரேடியோ ரூம்ல நின்னப்ப இப்படித்தான். ஒரு வரி வரலை."

"ஆசை இருக்கா இல்லையா?"

டீச்சர் மடக்கிய குடையைச் சுற்றிக் கட்டினார். பிறகு, "ஆசை இருந்து என்ன செய்ய?" என்றார்.

சீனியம்மாள் திரும்பிப் பலகையில் எழுத ஆரம்பித்தார். 'இதே நாளில், வில்லாபுரத்தில், பிலோமினாள் டீச்சர் முதன்முறையாக மேடையில் பாடினார்.'

"அய்யய்யோ, அழிங்கக்கா! நடக்காததப் போயி எழுதுறீங்க!"

"இத்தனை வருசமா இந்தப் பலகையப் படிக்கிறீக. இதுல எதாச்சும் பொய்யின்னு யாராச்சும் சொல்லியிருக்காகளா?"

"இல்ல…"

"அப்ப இன்னைக்கு மட்டும் பொய்யாப் போகணுமா? ஒங்களால பலகை பேரு கெடணுமா?"

பஸ் வந்தது. நாங்கள் ஏறிக்கொண்டோம். ஜன்னலோரம் உட்கார்ந்த டீச்சர் பலகையையே பார்த்துக்கொண்டு போனார். முதல்முறையாக அன்று சீனியம்மாள் அதைத் துடைக்கவில்லை.

சாயங்காலம் மந்தையில் நல்ல கூட்டம். டீச்சர் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிய அதே சேலையில் மைக் முன்னால் நின்றார். ஆர்மோனியம் ஒரு சுற்று வாசித்து முடித்தது. பாட்டு வரவில்லை. இன்பசேகரன் கண்ணைக் காட்ட, இன்னொரு சுற்று. அதுவும் முடிந்தது.

"என்னப்பா, மைக்கு அவுட்டா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"மைக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு. வாய மூடு மாப்ள," என்றார் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்ற மொக்கையன்.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது சுற்று முடிவதற்குள் பாட்டு வந்துவிட்டது. முதல் வரி நடுங்கியது. இரண்டாவது வரியில் மந்தை அடங்கியது. முடிந்த பிறகு கை தட்ட வேண்டும் என்பது எங்களுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் நினைவுக்கு வந்தது.

பிலோமினாள் டீச்சர் அந்தக் குழுவில் பல வருஷம் பாடினார். பிறகு ரேடியோவிலும் தேறினார். பயந்து நிற்கும் மாணவிகளுக்கு இன்றும் அந்தக் கல்கத்தா தபால்காரரைப் பற்றிச் சொல்கிறார். இன்பசேகரனின் குழு கலைந்துவிட்டது. அவர் கோரிப்பாளையத்தில் ஆர்மோனியம் ரிப்பேர் பார்க்கிறார். சீனியம்மாள் இப்போது இல்லை. கேசட் கடையாக மாறிவிட்ட அந்த இடத்தில் மொக்கையன் உட்கார்ந்திருக்கிறார்.

போன வாரம் அவரிடம் கேட்டேன். "அந்தத் தபால்காரர் பேரு என்னண்ணே?"

மொக்கையன் துடைத்துக்கொண்டிருந்த கேசட்டைக் கீழே வைத்தார்.

"எந்தத் தபால்காரரு? மாதா கோயில் திருவிழாவுக்குக் குழாய் கட்ட என்கூட வந்தவ, டீச்சர் கடைசி வரிசையில நின்னு பாடுனதக் கேட்டுட்டு வந்து, மறுநாளே அந்தப் பலகைய வாங்குனா. அவ எழுதுனதுல நெசமா நடந்தது டீச்சர் பாடுனது ஒண்ணுதான் தம்பி."