ஆறு நாள் இரத்தம்

"ரத்தம் பொய் சொல்லாது மாமா. ஒரு பருக்கை உள்ளுக்குப் போனாலும் காட்டிக் குடுத்திடும்."

முருகேசுவின் கையில் ரப்பர் பட்டியை இறுக்கிக்கொண்டே கஜந்தி இதைச் சொன்னாள். ஊசி ஏறுமுன்பே முருகேசுவுக்கு வலித்தது.

கஜந்தி மருத்துவம் முடித்துவிட்டு ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற பிள்ளை. சாப்பாடு வராத நாட்களில் உடம்பின் உயிரணுக்கள் சும்மா இருப்பதில்லையாம். தங்களுக்குள் கிடக்கும் பழுதையும் குப்பையையும் தாங்களே தின்று துப்புரவு செய்கின்றனவாம். அந்த வேலை எங்கே தடைப்படுகிறது என்று கண்டுபிடித்தால் பல நோய்களின் வேர் தெரிந்துவிடும் என்று அவளுடைய பேராசிரியர் நம்பினார். ஆனால் அதற்கு ஆறு நாள் பட்டினி கிடக்க ஆள் வேண்டுமே? ஜெர்மன்காரர்கள் இரண்டாம் நாளே ஓடிவிட்டார்கள். ஹம் நகரத்துக் கோயிலில் கந்தசஷ்டிக்கு ஆட்களுக்கா பஞ்சம் என்று கஜந்தி அங்கே வந்துவிட்டாள்.

முதலில் கை தூக்கியவர் முருகேசு. பதினொரு வருடமாக ஆறு நாளும் வெறும் தண்ணீரோடு விரதம் பிடிக்கிறவர் என்று பெயர் எடுத்தவர். கை தூக்கியதோடு நிறுத்தியிருக்கலாம். கோயில் செயலாளர் குமாரசாமி ஒரு மாதிரிச் சிரித்ததைக் கண்டதும் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ரை றிப்போட்டைக் கோயில் அறிவித்தல் பலகையிலை ஒட்டுங்கோ. எல்லாரும் பாக்கட்டும்" என்றுவிட்டார்.

ஒப்பிட்டுப் பார்க்க, விரதக்காரர் ஒவ்வொருவரின் வீட்டிலும் வழக்கம்போலச் சாப்பிடுகிற ஒருவரின் இரத்தமும் வேண்டும் என்றாள் கஜந்தி. முருகேசு மனைவி செல்லத்தைக் காட்டினார். நான் பட்டினி கிடக்கிற நாட்களில்தான் என் மனிசி மூன்று நேரமும் நன்றாக வெட்டுகிறவள், உனக்கு அவளைவிட நல்ல ஆள் கிடைக்காது என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். சனம் சிரித்தது. செல்லமும் சிரித்தாள்.

உண்மை என்னவென்றால், முருகேசுவின் விரதம் எந்த வருடமும் முதல் நாள் மத்தியானத்தைத் தாண்டியதில்லை. விரதத்துக்கென்றே வேலையில் லீவு எடுப்பார். செல்லம் தனக்குச் சமைத்து வைத்துவிட்டு, வந்து சாப்பிடுகிறேன் என்று மத்தியானப் பூசைக்குப் போவாள். கதவு சாத்தியதும் இவர் கால்கள் தாமாகக் குசினிக்குப் போகும். தின்று முடித்து, மிச்சச் சோற்றைக் கரண்டியால் மட்டமாக்கி, பானையை மூடி வைப்பார். இத்தனை வருடமும் அவள் கண்டுபிடிக்கவில்லை. கணக்கில் கொஞ்சம் மந்தம் என்று அவளைப் பற்றி மனதுக்குள் இரக்கப்படுவார்.

இந்த வருடம் இரத்தப் பயத்தில் ஒருமுறையாவது தாக்குப்பிடித்துப் பார்த்தார். பதினொன்றரை வரைக்கும் முடிந்தது. அன்றைக்குப் பார்த்துச் செல்லம் கத்தரிக்காய் பொரித்துக் குழம்பு வைத்திருந்தாள். மனுஷன் என்ன செய்வான்?

ஆறு நாளும் காலையில் கஜந்தி வந்து இருவரிடமும் இரத்தம் எடுத்துப் போனாள். ஆறு நாளும் முருகேசு சாப்பிட்டார். செல்லம் இரவு ஏழு மணிக்கே படுத்துவிட்டாள். உண்ட களை என்று நினைத்துக்கொண்டார்.

முடிவு வர மூன்று கிழமை எடுத்தது. அந்த மூன்று கிழமையும் முருகேசுவுக்குத் தூக்கமில்லை. மானம் போனால் இந்த ஊரில் எப்படி முழிப்பது? ஹம்பேர்க்கில் இருக்கிற மச்சானுக்குப் போன் எடுத்து, அந்தப் பக்கம் வாடகைக்கு வீடு கிடைக்குமா என்றுகூட விசாரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கஜந்தி வந்தாள். குமாரசாமியும் கூட வந்தார். சட்டைப் பையில் பலகையில் குத்துகிற ஊசிகள் கிலுங்கின. செல்லம் எல்லோருக்கும் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"மாமா, நான் உங்களிட்டை மன்னிப்புக் கேக்க வேணும்" என்றாள் கஜந்தி.

முருகேசு தேத்தண்ணீரை மேசையில் வைத்தார்.

"உங்கடை எண்டு வந்தது நல்லாச் சாப்பிட்ட ஆளின்ரை ரத்தம். மாமியின்ரை எண்டு வந்ததிலை ஆறு நாளும் ஒரு சாப்பாடும் இல்லை. இந்த நாட்டிலை ரெண்டு பேருக்கும் குடும்பப் பேர் முருகேசு எண்டுதானே பதிஞ்சிருக்கு. நான்தான் லேபிளை மாத்தி ஒட்டிப்போட்டன். இப்ப எல்லாம் சரிப்பண்ணியாச்சு."

"இருக்கும் பிள்ளை, இருக்கும்" என்றார் முருகேசு அவசரமாக. செல்லத்தைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டி ஆமோதித்தாள்.

குமாரசாமி எழுந்து வந்து முருகேசுவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடமும் சந்தேகப்பட்டதற்கு வாய்விட்டு மன்னிப்புக் கேட்டார். இப்படியொரு சுத்தமான பட்டினி இரத்தம் இந்த ஆராய்ச்சியிலேயே வேறு யாரிடமும் இல்லையாம் என்று சொல்லிக்கொண்டே அறிக்கையை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார். கஜந்தியும் விடைபெற்றாள்.

கதவைச் சாத்திவிட்டு முருகேசு சோபாவில் விழுந்து, செல்லத்துக்கு இத்தனை வருடம் ஒளித்ததையும் மறந்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பாத்தீரே செல்லம், முருகன் என்னைக் கைவிடேல்லை. அந்தப் பிள்ளை லேபிளை மாத்தினபடியால் தப்பினன்."

சொல்லி முடிக்கவில்லை, சிரிப்பு பாதியில் நின்றது. அவர் சாப்பிட்டது அவருக்குத் தெரியும். இரண்டு பேரும் சாப்பிட்டிருந்தால் அந்தப் பட்டினி இரத்தம் எங்கேயிருந்து வந்தது?

"பிள்ளை முதலிலை லேபிளைச் சரியாத்தான் ஒட்டினது" என்றாள் செல்லம், வெறும் கோப்பைகளை எடுத்தபடி. "வீட்டுக்கு ஒராள் எண்டாலும் விரதம் பிடிக்க வேணும்தானே? பதினொரு வருஷமாய் நான்தான் பிடிக்கிறன்."