இடது ஆணியில் மாட்டிய வயலின்

"கண்ணை இறுக்கிக் கட்டுங்க. வெளிச்சம்கூடத் தெரியக்கூடாது" என்றாள் ஆராய்ச்சிக்காரி. நாற்காலியில் இருந்த பெரியவர் தலையைக் கொடுத்தார். இரண்டாம் வரிசையில் பிசினக்கா நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தாள்.

பெரியவர் பேர்போன வயலின் வித்துவான். மேசையில் ஆறு வயலின்கள். ஐந்து புதியவை, ஒன்று அவருடைய சொந்த வயலின், இருநூறு வருஷப் பழசு. கண் தெரியாமல் வாசித்து, தன்னுடையது எதுவென்று அவர் சொல்ல வேண்டும். மரத்தின் மணம் காட்டிக்கொடுக்காமல் இருக்க, ஆறிலும் தாடை படும் இடத்தில் ஒரே வாசனைத் தைலத்தைத் தடவியிருந்தார்கள்.

பிசினக்கா வயலின் செய்பவள், பழுதும் பார்ப்பவள். எப்போதும் கோந்து மணக்கும் கைகளால் வந்த பட்டப்பெயர் அது. அந்த அறையில் அவளிடம் மட்டும் ஒரு ரகசியம் இருந்தது. அவள் கணக்குப்படி மேசையில் இருந்த ஆறுமே புதியவை.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு விரிசலை ஒட்டுவதற்காக அந்தப் பழசு அவள் பட்டறைக்கு வந்தது. அதன் குரல் அவளைக் கட்டிப்போட்டது. திருப்பிக் கொடுக்க மனம் வராமல், கீறலுக்குக் கீறல், கறைக்குக் கறை அப்படியே ஒரு நகல் செய்தாள்.

அடையாளத்துக்கு ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. வைத்தால் அதுவே ஒருநாள் தன்னை மாட்டிவிடும் என்ற பயம். வார்னிஷ் காயப் பட்டறைச் சுவரில் மாட்டினாள்: இடது ஆணியில் அசல், வலது ஆணியில் நகல். காய்ந்ததும் வலது ஆணியில் இருந்ததைப் பெட்டியில் வைத்து வித்துவானிடம் கொடுத்தாள். அவர் இன்றுவரை ஒரு குறை சொன்னதில்லை.

"ஏன் உனக்கு இப்படி வேர்க்குது?" என்ற கணவர், கைக்குட்டையை எடுத்து அவள் நெற்றியைத் துடைத்து, அப்படியே நாற்காலிக் கையையும் துடைத்தார்.

"பேசாம உட்காருங்களேன். வார்னிஷ் காயட்டும்னு பட்டறையைப் பூட்டிட்டுப் போனாக்கூட, பின்னாடியே போய் சுவரெல்லாம் துடைச்சு வைக்கிற ஆளு நீங்க."

"ஒட்டடை உன் வார்னிஷ்ல விழுந்திருந்தா தெரிஞ்சிருக்கும்!"

வித்துவான் வாசிக்கத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் வில் சட்டென்று நின்றது. தலையைச் சாய்த்துக் கம்பியை விரலால் சுண்டிப் பார்த்தார். பிசினக்கா வாசற்கதவைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல, சுருதி இறங்கியிருக்கு" என்று முறுக்கிவிட்டு மேலே வாசித்தார்.

ஆறும் முடிந்ததும் மார்பைத் தட்டினார். "ரெண்டாவது! அதுதான் என் செல்லம். செத்தாலும் அந்தக் குரலை மறப்பேனா?"

கண்கட்டை அவிழ்த்தார்கள். இரண்டாவது, போன வருஷம் செய்தது. அவருடையது நான்காவது. அறை சிரிப்பில் அதிர்ந்தது.

"காது நல்லாத்தான் இருக்கு. கர்வம்தான் போச்சு" என்று வித்துவானும் சிரித்தார்.

"கேக்கறதுல பாதி நாம நம்புறதுதான் ஐயா" என்றாள் ஆராய்ச்சிக்காரி.

பிசினக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அது நிலைக்கவில்லை.

"இனி காதுக்கு வேலையில்ல. மேல்பலகையில இருக்கிற வளையக் கோடுகளைப் படம் எடுத்து எண்ணியிருக்கோம். அந்த மரம் எப்ப வரைக்கும் வளர்ந்துச்சுன்னு அதுவே சொல்லிடும். முதல்ல ஐயாவோட வயலின்." ஆராய்ச்சிக்காரியின் விரல் கணினியை நோக்கி நகர்ந்தது.

நகலுக்கு அவள் வாங்கிய மரம் வெட்டி இருபது வருஷம்கூட ஆகவில்லை. போலீஸ், கைவிலங்கு, பூட்டிய பட்டறை எல்லாம் கண்முன் வந்தன. திரையில் தெரிந்து அகப்படுவதைவிடத் தானே சொல்லிவிடுவது மேல் என்று தோன்றியது. கால்கள் தாமாகவே எழுந்து நின்றன.

"நிறுத்துங்க! அது ஐயாவோடது இல்ல. நான் செஞ்ச நகல். அசலை நான்தான் வீட்ல ஒளிச்சு வச்சிருக்கேன்."

கணவரின் கையிலிருந்து கைக்குட்டை நழுவியது.

"தப்புதான் ஐயா. தினமும் சாயங்காலம் கதவைச் சாத்திக்கிட்டு ஒரு அரைமணி நேரம் வாசிப்பேன். வாசிக்கறப்பவே கண்ணுல தண்ணி வந்துடும். நானும் முப்பது வருஷமா செய்யறேன், என் கையால அப்படி ஒரு குரல் வந்ததே இல்ல. வரவும் வராது. அந்த ஆசைதான் என்னைக் கெடுத்துச்சு."

ஆராய்ச்சிக்காரி அவளையும் கணினியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் பொத்தானை அழுத்தினாள். திரையில் மெல்லிய கோடுகள் வரிசையாக விரிந்தன.

"நீங்க என்ன சொல்றீங்கன்னே புரியலம்மா. ஐயா கொண்டுவந்தது பழைய மரம்தான். கடைசிக் கோடு இருநூத்திப் பதினோரு வருஷத்துக்கு முன்னால விழுந்தது. நானே மூணு தடவை எண்ணினேன்."

"அன்னிக்குச் சுவரைத் துடைக்க ரெண்டையும் இறக்கி வச்சேன்..." கணவர் குனிந்து கைக்குட்டையை எடுத்தார். "திரும்ப மாட்டறப்ப எது எந்த ஆணின்னு நான் பார்க்கலையே..."

பிசினக்கா பொத்தென்று உட்கார்ந்தாள். வித்துவான் எழுந்து வந்து, கோந்து காய்ந்திருந்த அவள் விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்போ, மூணு வருஷமா உங்களை அழ வைக்கிறது யார் செஞ்ச வயலின்மா?"