கீத ஆராதனைக்கு முன்னால்

“டாக்டரே, கட்டிய இந்த வாரமே எடுத்துரணும்” என்று செல்வதாஸ் மேசையில் கையை ஊன்றி நின்றான்.

அவன் மனைவி மேபலுக்குச் சிறுநீரகத்துக்கு மேலே, அட்ரினல் சுரப்பியில் கட்டி. புற்று இல்லை. ஆனால் அது ஆண்களுக்குரிய ஹார்மோனை அள்ளிச் சுரந்ததில், ஆறே மாதத்தில் அவளுக்கு மீசை அரும்பி, குரல் இடிபோல இறங்கிவிட்டது. அந்தக் குரலில் மயங்கிய சபைப் பாடகர் குழு, கிறிஸ்மஸ் கீத ஆராதனையின் தனிப்பாட்டை அவளுக்கே கொடுத்திருந்தது.

“ஜனவரியில எடுத்தாலும் போதும்” என்றார் டாக்டர்.

“கேட்டியளா, நான் பாடி முடிச்சிட்டு வந்து படுக்கேனே” என்று கெஞ்சினாள் மேபல்.

“பாட்டா பெரிசு? எனக்கு நீதாம்ட்டி பெரிசு!”

சபையே உருகிப்போனது. “புருசன்னா இவம்லா புருசன்!” என்றார் உபதேசியார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் டாக்டர் சிரித்தபடி வந்தார். “ஹார்மோன் இறங்கியாச்சு. மீசை மெல்லக் குறையும்.”

“குரலு, டாக்டரே?” செல்வதாஸ் முந்திக்கொண்டான்.

“அது பழையபடி ஆகாது. இப்படியேதான் இருக்கும். மூணு வாரத்துல, கிறிஸ்மஸுக்கு முன்னாலயே தாராளமா பாடலாம்.”

“அல்லேலூயா!” மேபல் போட்ட சத்தத்தில் வார்டே அதிர்ந்தது. செல்வதாஸ் பொத்தென்று நாற்காலியில் சரிந்தான்.

“சந்தோசத்துல மயங்கிட்டாரு” என்று நர்ஸ் தண்ணீரோடு ஓடிவந்தாள்.

மேபல் தையலைப் பிடித்துக்கொண்டு, புருசனைக் கைகாட்டிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “சந்தோசமா! போன வருசம் வரைக்கும், இருபது வருசமா, அந்தத் தனிப்பாட்ட பாடினது இவியல்லா!”