சும்மா இருந்த லேப்டாப்

விதவிதமான லினக்ஸ் இயங்குதளங்களைப் போட்டுப் பார்ப்பதற்கென்றே ஜெரால்டு ஒரு பழைய லேப்டாப்பை வைத்திருந்தார். பென்டிரைவைச் செருகியதும் அதன் விசிறி படபடவென்று சுற்றியது.

"இந்தத் தடவை யாரைக் கூட்டி வந்திருக்கிறாய்?" என்று கேட்டது லேப்டாப்.

"ஃபெடோரா என்ற லினக்ஸை. நேற்று முழுக்க வீடியோ பார்த்து முடிவு செய்தார்," என்றது பென்டிரைவ்.

"போன வாரம்தானே மின்ட் லினக்ஸ் போட்டார்? வைஃபை உடனே கிடைத்தது, விசிறிகூடச் சத்தம் போடவில்லை. நான் என்ன தப்பு செய்தேன்?"

"ஒன்றுமில்லை. இதைவிட நல்லதாக ஒன்று இருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். பயப்படாதே, அழிப்பதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது."

பழைய லேப்டாப் பக்கத்தில் இருந்த ஆபீஸ் லேப்டாப்பிடம் கேட்டது: "அக்கா, உங்களை மட்டும் ஏன் மாற்றுவதே இல்லை? நீங்கள் அவ்வளவு நன்றாக ஓடுகிறீர்களா?"

"நானா? தினமும் ஹேங் ஆகிறேன். திட்டிக்கொண்டே காத்திருப்பார். என்னிடம் அவருக்கு வேலை இருக்கிறதே."

பழைய லேப்டாப் அவசரமாகத் தன் டிஸ்க்கைத் துழாவியது. ஜெரால்டு சேமித்து வைத்தது ஏதாவது இருக்காதா என்று மூலைமுடுக்கெல்லாம் தேடியது. ஒரே ஒரு வால்பேப்பர் கிடைத்தது.

அதற்குள் திரையில் கேள்வி வந்துவிட்டது: "எல்லாவற்றையும் அழித்துவிடலாமா?"