தெருவைப் பார்த்து நிற்கும் கார்

மூன்றாம் கியரில் உதறிய பழைய காரைச் சுவர் பார்க்க நிறுத்தி, மெக்கானிக் அதன் கியர்பெட்டியைப் பழுது நீக்கினார். ரிவர்ஸ் கியர் மட்டும் பொக்கை வாயாக இருந்தது. ஒரு பல்லும் மிஞ்சவில்லை. பல ஆண்டுத் தேய்மானம். பட்டறை வாசலில் காத்திருந்த நர்ஸிடமும் அவள் கணவரிடமும் வந்தார்.

“முட்டுச்சந்துல வீடுன்னீங்க. வண்டியை எப்படிம்மா வெளிய எடுக்குறீங்க?”

“விடியக்காலைல நான் டூட்டிக்குக் கிளம்புறப்ப, தெருவைப் பாத்துத்தான் நிக்கும். இவர் திருப்பி வைக்கிறார்னு இருந்தேன்.”

“நானா? நான் எழுந்திரிக்கிறதே எட்டு மணிக்கு,” என்றார் கணவர்.

“அதானே. உங்களுக்கு அவ்வளவு கரிசனமான்னு எனக்கே சந்தேகந்தான்.”

“ரிவர்ஸ் கியர்ல ஒரு பல்லும் இல்ல. இந்த மாடலுக்கு அது இனிமே கிடைக்காதும்மா. எடைக்குத்தான் போடணும்.”

“அந்த நேரத்துல பஸ் கிடையாதுண்ணே. வண்டி போனா என் வேலையும் போச்சு.”

மெக்கானிக் பெருமூச்சுடன் திரும்பினார். கார் தெருவைப் பார்த்து நின்றது. எஞ்சின் ஓசை ஒருவர் காதிலும் விழவில்லை. அந்தப் பட்டறைக்குள் காரைத் திருப்ப இடமும் இல்லை. காருக்கும் பக்கச் சுவர்களுக்கும் இருந்த இடைவெளியை அவர் சாண் போட்டு அளந்தார். இருபுறமும் மூன்று சாண், ஒரு விரல்கூடப் பிசகில்லை. முப்பது ஆண்டுகளில் தம் கையால் அவ்வளவு நேர்த்தியாக நிறுத்தியதில்லை.

சட்டைப் பையிலிருந்த சாவியை எடுத்து, இரு கைகளாலும் அவளிடம் நீட்டினார்.

“தொழில் தெரிஞ்ச வண்டிம்மா. எடைக்குப் போட்டா, பாவம் என்னைச் சும்மா விடாது.”